சேனை தொட்ட விரல்

செருப்பு வாரின் தடம் பாதத்தில் சாயங்காலம் வரை மறையாமல் கிடந்ததுதான் முதல் அறிகுறி. நான் அதை வெயில் கணக்கில் சேர்த்துவிட்டேன். கோவில்பட்டியில் ஆவணி மாதத்தில் எந்தக் கோளாறையும் வெயிலின் தலையில் கட்டிவிடலாம். யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

நான் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். அப்போது எனக்கு ஏழாம் மாதம். ஒரு நாள் மதியம், கரும்பலகையில் நானே எழுதிய எழுத்துகள் ஓரங்களில் மினுங்க ஆரம்பித்தன. காலையிலிருந்தே தலைவலி. பிள்ளைகளைச் சத்தமில்லாமல் படிக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மணி அடித்தபோது என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், இன்னொரு முறை பார்த்தாள். பிறகு வேறு கருவியைக் கொண்டுவந்து மூன்றாவது முறை பார்த்தாள். அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ப்ரீ-எக்லாம்ப்சியா (கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் எகிறி, சிறுநீரகம், கல்லீரல், மூளை வரை பாதிக்கும் நிலை) என்றார்கள். பிள்ளையை உடனே வெளியே எடுக்காவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. என் கணவர் முருகேசன் தீப்பெட்டி ஆலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். கிரீஸ் படிந்த சட்டையோடு ஓடிவந்து கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே பெண் குழந்தை பிறந்தாள். இருபத்தொன்பது வாரம். ஆயிரத்து எண்பது கிராம்.

குறைமாதப் பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம்பிக்கை ஊட்டுவதற்காக அல்ல. நம்பிக்கை ஊட்டுகிறவர்கள் அங்கே தாராளமாக வருவார்கள், ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருவார்கள். நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்வதற்காக எழுதுகிறேன். படித்தவள் செய்யக்கூடாத காரியம்தான். படித்தவர்கள் செய்வதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை இதோடு விட்டுவிடுங்கள்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். எட்டுக் குழந்தைகளை வைத்துப் பார்க்கும் என்.ஐ.சி.யு. (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) அங்கே இருந்தது. நல்ல கருவிகள், நல்ல டாக்டர். கெட்டது என்று நான் சொல்வதானால் அதன் கதவைத்தான் சொல்லவேண்டும்.

தாய் மட்டும் காலை பதினொரு மணிக்குப் பத்து நிமிடம், மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் உள்ளே போகலாம். தகப்பன் ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. கிருமி வந்துவிடும் என்பதுதான் காரணம். காரணம் நியாயமானது என்பதால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

முதல் முறை என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். அறுவை சிகிச்சைத் தையல் இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவளின் மூக்கில் சி-பாப் (நுரையீரல் சுருங்கிவிடாதபடி மூக்கு வழியாகக் காற்றை விடாமல் மெல்ல அழுத்தும் கருவி) பொருத்தியிருந்தார்கள். வாயில் பால் போகும் குழாய். தொப்புளில் மருந்து போகும் குழாய். தோல் மிக மெல்லிசாக இருந்தது. உள்ளே ஓடும் நரம்பைப் பாடப்புத்தகத்தில் காட்டுவதுபோலக் காட்டலாம். தாய் என்றால் பார்த்த மாத்திரத்தில் பாசம் பொங்கவேண்டும். எனக்குப் பொங்கவில்லை. பயமாக இருந்தது. அது யாருடைய பிள்ளையோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய்.

பிறகு வந்த நாட்களில் என் வேலை பால் பிழிவது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. கிண்ணத்தில் பெயர் ஒட்டி, கதவுக்குப் பக்கத்தில் இருந்த சிறு ஜன்னலில் கொடுத்துவிட வேண்டும். உள்ளேயிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். அவள் எப்படி இருக்கிறாள் என்று அந்தக் கையிடம் கேட்பேன். "ஸ்டேபிள்" என்று பதில் வரும். தினமும் ஆறேழு தடவை அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். நல்லதா கெட்டதா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

அந்தக் கைகளில் ஒன்று ஜெயந்தியுடையது. எட்டயபுரத்துப் பெண், அங்கே நர்ஸ். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். என்னைப் பார்த்த முதல் நாள் மிஸ் என்று கூப்பிட்டுவிட்டு அழுதுவிட்டாள். அவள் பணியில் இருக்கும் நாட்களில் மட்டும் எனக்கு இரண்டு வாக்கியம் கூடுதலாகக் கிடைக்கும். நேற்று இரண்டு தடவை மூச்சு நின்றது, தட்டி எழுப்பினோம் என்பாள். ஐந்து கிராம் கூடியிருக்கிறாள் என்பாள். அந்த ஐந்து கிராமை முருகேசனுக்குப் போன் போட்டுச் சொல்வேன். அவர் அதை ஆலையில் எல்லாருக்கும் சொல்லிவிடுவார்.

பத்தொன்பதாம் நாள் என் மாமனார் வந்தார்.

எப்போதும்வென்றானுக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஊரில் அவருக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் இருக்கிறது. உளுந்தும் மக்காச்சோளமும் போடுவார். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். புரட்டாசி விதைப்பு நேரம், முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. செருப்பில் அப்பியிருந்த கரிசல் மண்ணோடு உள்ளே வர மனமில்லாமல் ஆஸ்பத்திரி வாசல் குழாயடியில் கால் கழுவிக்கொண்டு நின்றார். நான்தான் வெளியே போனேன்.

அவருடைய ஊரில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பவர். சர்க்கரைத் தண்ணியையோ கருப்பட்டித் தண்ணியையோ விரலால் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைப்பதைத்தான் சேனை என்கிறோம். தாய்ப்பாலுக்கும் முன்னால் அது. யார் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் கோபக்காரனையும் சண்டைக்காரியையும் கூப்பிடமாட்டார்கள். மாமனார் யாரிடமும் குரல் உயர்த்தாதவர். ஊரில் இருபது பிள்ளைகளுக்கு மேல் அவர் விரல்தான் முதல் ருசி. தன் சொந்தப் பேத்திக்கு வைக்கமுடியவில்லை என்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

"உள்ள நம்மள விடுவாவளா தாயி?" என்று கேட்டார்.

விடமாட்டார்கள் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். இடுப்பு மடியிலிருந்து ஒரு சின்ன மருந்துக் குப்பியை எடுத்தார். வெந்நீரில் கழுவிக் காயவைத்தது என்றார். அதில் கருப்பட்டித் தண்ணி. மூடியைத் திறந்து, குலதெய்வம் இருக்கும் திசையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தன் விரலை அதில் நனைத்து எடுத்தார். பிறகு குப்பியை மூடி என் கையில் கொடுத்தார்.

"அவிய வேலைய அவிய பாக்குதாவ. நம்ம பங்குக்கும் ஒண்ணு இருக்குல்லா. நீ தொட்டு வச்சாலும் அது என் விரல்தான்" என்றார்.

வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். செரிமான மண்டலத்தை ஆண்டுக்கு மூன்று பிரிவுக்கு நடத்துகிறவள் நான். சத்தை உறிஞ்சும் குடல் விரலி எப்படி இருக்கும் என்று படம் போட்டுக் காட்டுகிறவள். பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்று பள்ளியில் தாய்ப்பால் வாரத்துக்குப் பேச்சுப் போட்டி நடத்தியிருக்கிறேன். பரிசும் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு உள்ளே போனேன். முழங்கை வரை சோப்புப் போட்டு, சுவரில் ஒட்டியிருந்த படத்தில் உள்ளபடி ஏழு விதமாகக் கை கழுவினேன். ஒரு விதத்தைக்கூட விடவில்லை. பிறகு ஜெயந்தி அடுத்த பெட்டியின் பக்கம் திரும்பிய நேரத்தில், கைக்குட்டைக்குள் இருந்த குப்பியில் சுண்டு விரலை நனைத்துக் குழந்தையின் நாக்கில் தொட்டேன்.

அவள் முகத்தைச் சுளித்தாள். பிறகு சப்புக்கொட்டினாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. இருபது நாட்களில் அவளுக்கு நான் நேரடியாகச் செய்த முதல் காரியம் அதுதான். மூச்சைக் கருவி பார்த்துக்கொண்டது. சூட்டைப் பெட்டி பார்த்துக்கொண்டது. பாலைக் குழாய் பார்த்துக்கொண்டது. கருப்பட்டியின் ருசியை நான் கொடுத்தேன். வெளியே வந்து மாமனாருக்குப் போன் போட்டு வைத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் வயலில் இருந்தார். சரி தாயி, இனிமேல் தேறிருவா என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

அதிலிருந்து இரண்டாம் நாள் காலை நான் போனபோது பெட்டியைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். அவள் வயிறு பளபளவென்று உப்பியிருந்தது. குழாய் வழியாகக் கொடுத்த பால் பச்சையாகத் திரும்பி வந்திருந்தது. மலத்தில் ரத்தம். என்னை வெளியே போகச் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அரை மணி நேரம் கழித்து டாக்டர் நடைகூடத்துக்கு வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, வேகமாகப் பேசுகிறவர். என்.இ.சி. (குறைமாதக் குழந்தைகளின் குடல் சுவர் வீங்கிப் புண்ணாகி, சில சமயம் ஓட்டையே விழுந்துவிடும் நோய்) என்றார். பாலை நிறுத்திவிட்டோம், ரத்தக் குழாய் வழியாகச் சத்தும் மருந்தும் போகிறது, ஓட்டை விழுந்தால் மதுரைக்கு அனுப்பி வயிற்றைத் திறக்கவேண்டியிருக்கும் என்றார். பிறகு கேட்டார்.

"தாய்ப்பால் தவிர வேற ஏதாவது குடுத்தீங்களா? தண்ணி, தேன், எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"இல்ல டாக்டர்" என்றேன்.

பக்கத்தில் முருகேசன் இருந்தார். அவருக்கும் தெரியாது. என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் எனக்கே ஆச்சரியம். உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு பத்து நிமிடங்களும் போய்விடும் என்று பயந்தேன். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் வெட்கம். எந்தக் காரணம் பெரியது என்று கேட்டால் வெட்கம்தான்.

அன்று முழுவதும் நடைகூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பால் கட்டி மார்பு கல்லாக வலித்தது. பிழிந்த பாலை வாங்க ஜன்னலில் கை வரவில்லை. பால் வேண்டாம் என்று சொன்னபிறகும் என் உடம்புக்கு அது தெரியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அது தன் பாட்டுக்குச் சுரந்தது. ரவிக்கையெல்லாம் நனைந்து புளித்த வாடை வந்தது.

நாலரை மணிக்கு ஜெயந்தி வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. இரண்டு நாளாகப் பாலாடையால் (குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம்) சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்துப் பழக்கியது அவள்தான். பாலாடையைச் சரியாகக் கொதிக்கவைக்கவில்லை என்று அவள்மீது சந்தேகம் வந்திருந்தது. விளக்கம் எழுதிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

"இருவது நிமிஷம் கொதிக்க வச்சேன் மிஸ். நானே கடியாரத்தப் பாத்தேன். யாரும் நம்ப மாட்டேங்குதாங்க" என்றாள். என்னிடம்தான் வந்து சொன்னாள். அவளுக்கு அந்த வராண்டாவில் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

தேர்வில் அடுத்தவள் தாளைப் பார்த்து எழுதியதற்காக இவளை ஒரு தடவை வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். நேர்மையைப் பற்றி ஒரு பாட்டம் பேசியும் இருக்கிறேன். எழுந்து நேராக டாக்டர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்று ஞாபகம் இல்லை. குப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். மாமனாரின் பெயரைச் சொல்லாமல், நான்தான் கருப்பட்டித் தண்ணி தொட்டுவைத்தேன் என்றேன்.

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. குப்பியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். உள்ளே போன் செய்து ஏதோ மருந்தை மாற்றினார். பிறகு என்னை உட்காரச் சொன்னார்.

"இதனாலதான் வந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன். இல்லன்னும் சொல்லமாட்டேன். இந்த எடையில எதுவும் குடுக்காத பிள்ளைக்கும் இது வரும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "படிச்சவங்க நீங்க. ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றார்.

"எப்ப டாக்டர் கேக்க?" என்றேன். "பத்து நிமிஷத்துல பிள்ளையப் பாக்கவா, உங்களத் தேடவா?"

அது திமிரில் வந்த பேச்சு இல்லை. உண்மையாகவே எனக்குத் தெரியாமல்தான் கேட்டேன். அவர் ஜெயந்தியைக் கூப்பிட்டு, எழுதிக்கொடுக்க வேண்டாம் என்று என் முன்னாலேயே சொன்னார்.

பதினான்கு நாட்கள் குழந்தைக்கு வாய்வழி எதுவும் கிடையாது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை வயிற்றுச் சுற்றளவை நாடாவால் அளந்தார்கள். அரை சென்டிமீட்டர் கூடினால் எக்ஸ்ரே. இரண்டு தடவை மதுரைக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் சொல்லி, பிறகு வேண்டாம் என்றார்கள். முருகேசனிடம் நான் உண்மையைச் சொன்னது அந்த நாட்களில்தான். அவர் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்.

"அப்பாட்ட மட்டும் சொல்லாத. மனுஷன் தாங்கமாட்டாரு."

நான் சரி என்றேன். குப்பியின் பரிசோதனை முடிவில் ஏதோ ஒரு கிருமி இருந்தது. குழந்தையின் ரத்தத்தில் எதுவும் வளரவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அதிலிருந்து எனக்கு விடுதலையும் கிடைக்கவில்லை, தண்டனையும் கிடைக்கவில்லை.

பாலை நிறுத்திய நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அவள் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முதுகு சாய்ந்த நாற்காலி போட்டிருந்தார்கள். டாக்டர் சொல்லிப் போட்டது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை நான் அங்கே இருக்கலாம் என்றார்கள். எனக்கு மட்டும் இல்லை, எட்டுத் தாய்மாருக்கும். வார்டில் எல்லாருக்கும் அது பிடித்துவிடவில்லை. மூத்த நர்ஸ் ஒருவர் நடமாட இடமில்லை என்று முணுமுணுத்தார். கிருமி வந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். முதல் வாரத்தில் நான் இரண்டு குழாயைத் தட்டிவிட்டேன்.

ஆனால் அந்த நாற்காலியில்தான் நான் தாயானேன். தடவக்கூடாது, கையை அசைக்காமல் தலையிலும் பாதத்திலும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஜெயந்தி சொல்லிக்கொடுத்தாள். தடவினால் இந்தத் தோலுக்கு வலிக்குமாம். திரையில் எந்த எண் எதைச் சொல்கிறது என்று கற்றுக்கொண்டேன். மூச்சு நிற்கப்போகிறது என்றால் அதற்கு முன்னால் அவள் நெற்றி வெளுக்கும். கருவி கத்துவதற்கு முன்னால் நான் அதைக் கண்டுபிடித்துப் பாதத்தைச் சுண்டிவிட ஆரம்பித்தேன். குறிப்பேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று கேட்டால் காட்டினார்கள். ஸ்டேபிள் என்ற சொல் எங்கள் பேச்சிலிருந்து போய்விட்டது. கெட்ட செய்திகள் குறையவில்லை. நேற்றைவிட இன்று மோசம் என்றால் மோசம் என்றே சொன்னார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

பாலை நிறுத்திய பதினைந்தாம் நாள் ஒரு மில்லி பால். அடுத்த நாள் இரண்டு. வயிறு தாங்கியது. பிறகு கங்காரு முறை (குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் வைத்துக் கட்டிக்கொள்வது). முருகேசன் கூச்சப்பட்டார். சட்டையைக் கழற்றச் சொன்னதும் சுற்றுமுற்றும் பார்த்தார். ஆலையிலிருந்து வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டும் அவர்மேல் லேசாக எண்ணெய் வாடை இருந்தது. அவள் அந்த நெஞ்சில்தான் நன்றாகத் தூங்கினாள். எனக்குக் கொஞ்சம் பொறாமை.

சனிக்கிழமைகளில் டாக்டர் நடைகூடத்துக்கே வந்து மாமனார், மாமியார், அத்தை, சித்தப்பா என்று எல்லாரையும் உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தார். என்ன கொண்டுவரலாம், எது கூடாது, ஏன் கூடாது என்று. முதல் சனிக்கிழமை இரண்டு பேர் மடியிலிருந்து குப்பிகள் வெளியே வந்தன. ஒன்று தேன், இன்னொன்று கழுதைப்பால். என் மாமனார் மட்டும் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. களையெடுப்பு நேரம், வரவேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

எழுபத்தோராம் நாள் வீட்டுக்கு வந்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது கிராம். பிரசவத்துக்கு முதலில் குறித்துக்கொடுத்த தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

நீங்கள் வீட்டுக்குப் போனதும் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்திருப்பீர்கள். முடியாது. வங்கியில் டோக்கன் எண் மாறும்போது ஒரு ஓசை வரும். அது அந்தக் கருவியின் ஓசை மாதிரியே இருக்கும். மூன்று மாதம் கழித்து அங்கே வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது எனக்குப் பால் சுரந்து முன்பக்கம் நனைந்துவிட்டது. மனசு மறந்தாலும் உடம்பு அந்த வார்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. கைகளைப் பார்த்தால் எனக்கு இன்னும் சந்தேகம்தான். சாதம் ஊட்டும்போது சுண்டு விரலை மடக்கிக்கொள்கிறேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

காலமும் ஒழுங்காக இல்லை. அவளுக்கு வயதுக் கணக்கு இரண்டு. பிறந்த நாளிலிருந்து ஒன்று, பிறந்திருக்கவேண்டிய நாளிலிருந்து ஒன்று. மற்ற பிள்ளைகள் தவழ்கிற மாதத்தில் அவள் குப்புற விழுந்தாள். அங்கன்வாடியில் வயது கேட்டால் எதைச் சொல்வது என்று ஒரு கணம் முழிப்பேன்.

ஊரில் மாமனார் வேறு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டியில் கிடந்த பிள்ளை, டாக்டர்களே கைவிரித்த பிள்ளை, சேனை வைத்ததால் பிழைத்தாள் என்று. நடுவில் வயிறு சரியில்லாமல் போனதை மட்டும்தான் அவருக்குச் சொல்லியிருந்தோம். அதையும் தாண்டி வந்தது சேனையின் பலம் என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை. அவர் சந்தோஷமாக இருந்தார். எங்களுக்கும் அது வசதியாக இருந்தது.

அவளுக்கு ஒரு வயது முடிந்த பிறகு, ஒரு காலையில் அவர் வீட்டுக்கு வந்தார். வேட்டி புதுசு. கழுகுமலை பஸ்ஸுக்குப் போகிற வழியில் பேத்தியைப் பார்க்க வந்தாராம். அவருடைய தம்பி மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்து பெட்டியில் இருக்கிறதாம். நம்ம பாப்பாவைப் பிழைக்கவைத்த விரல் என்று சொல்லி அவர்களே கூப்பிட்டிருக்கிறார்களாம். அந்தப் பிள்ளையின் பாட்டி எப்படியாவது உள்ளே கொண்டுபோய்விடுவாளாம். சொல்லிக்கொண்டே மடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

முருகேசன் வேலைக்குப் போயிருந்தார். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கிறவரை பேசவில்லை. தம்ளரைக் கீழே வைத்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். நான் பொய் சொன்னது, ஜெயந்தி அழுதது, குப்பியில் கிருமி இருந்தது, குழந்தையின் ரத்தத்தில் இல்லாதது. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒரு வருஷமாக அவரைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவைத்தது ஆஸ்பத்திரி இல்லை, நாங்கள்தான் என்பது பேசும்போதே எனக்குத் தெரிந்தது.

"வயிறு வீங்குனது அதுக்குப் பெறகா?" என்று கேட்டார்.

"ஆமா மாமா. ரெண்டு நாள் கழிச்சு."

அவர் என் பெண்ணைப் பார்த்தார். அவள் தரையில் ஒரு மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார்.

"ஏலே, நான் வரல. வேற யாரும் வைக்கவும் கூடாது. தாய்ப்பால் மட்டுந்தான். டாக்டரம்மா என்ன சொல்லுதாவளோ அத மட்டும் கேளுங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "அது என் விரலால பொழைக்கல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"முருகேசனுக்கு முன்னால ஒண்ணு பொறந்துச்சு தாயி. ஆம்பளப் பிள்ள. மாசம் நெறையல. எங்க அய்யா இல்லாததால நானே வச்சேன். அதுதான் நான் வச்ச மொதச் சேனை."

"எத்தன நாள் இருந்துச்சு மாமா?"

"அஞ்சு நாளு. வயிறு தம்முனு இருந்துச்சு."

எனக்கு டாக்டர் சொன்னதையே அவருக்கும் சொன்னேன். எதுவும் கொடுக்காத பிள்ளைக்கும் வரும், அந்தக் காலத்தில் எந்த வசதியும் இல்லை, எதனால் என்று யாராலும் சொல்லமுடியாது என்றேன். அவர் தலையை ஆட்டினார். நாற்பது வருஷமாக அதை ஆயுசு அவ்வளவுதான் என்று நினைத்திருந்தவர். அந்த ஒரு நினைப்பை நான் அவரிடமிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாகக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. மதிய பஸ்ஸுக்கு ஊருக்கே திரும்பிப் போய்விட்டார்.

கழுகுமலைப் பிள்ளை தேறி வீட்டுக்கு வந்துவிட்டது. முருகேசன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். அப்படி நினைக்கும்போதெல்லாம் மாமனார் தெருவில் இறங்கிப் போன நடையும் கூடவே ஞாபகம் வருகிறது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, பிள்ளைகள் எத்தனை என்று யாராவது கேட்டால் ஒரு பையன், ஒரு பொண்ணு என்று அவர் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். போன மாதம் ரேஷன் கார்டு திருத்தப் போன இடத்தில் அதே கேள்வியைக் கேட்டார்கள். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். மூணு என்றார்.